ஒரே ஒரு பந்து பாக்கி

என் புருஷன் டுவைட்டை நான் கட்டிக்கொண்டதற்குக் காரணமே அவனுடைய மரியாதைதான். சாவியைக் கேட்டால் எழுந்து வந்து உள்ளங்கையில் வைப்பான். ஆப்பிளைக் கேட்டாலும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஓடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். தீப்பெட்டி கேட்டேன். காலணியைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி நடந்து வந்து, கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான். எங்கள் ஊர் ஆண்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர்கள். என் அப்பா சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைக்கூடத் தூக்கித்தான் போடுவார். அதனால் இவன் ஏதோ ராஜகுடும்பத்துப் பிள்ளை என்று எனக்கு நினைப்பு. கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, அது மரியாதை இல்லை, பயம் என்று.

டுவைட் லெஹ்டோ பேஸ்பாலில் பந்து வீச்சாளனாக இருந்தவன். பெரிய லீகில் இல்லை. அதற்குக் கீழே, பஸ்ஸிலேயே தூங்கி பஸ்ஸிலேயே சாப்பிட்டு ஊர் ஊராகப் போகும் மைனர் லீகில். இவன் பந்து, எதிரே குந்தி உட்கார்ந்து பிடிக்கிற கேட்சரின் கையுறையில் போய் விழும் சத்தத்தைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் சீக்கிரம் வந்து உட்காருவார்களாம். மேலே கூப்பிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயத்தில் அவன் கை வீசுவதை மறந்துவிட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை. பந்தை விட வேண்டிய இடத்தில் விரல் விடாது, இல்லாவிட்டால் முன்னாலேயே விட்டுவிடும். பந்து வானத்துக்குப் போகும், தரைக்குப் போகும், கேட்சரிடம் மட்டும் போகாது.

இந்த வியாதிக்கு பேஸ்பால்காரர்களிடம் ஒரு பெயர் உண்டு. ஆனால் எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான், சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். வந்தவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அவன் கையுறையைத் தொட மாட்டார்கள். அவன் குடித்த குவளையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். மைதானத்துக்குள் போகும்போது சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டிக் குதிக்கிற கூட்டம், வேறு என்ன செய்யும்? நானும் பேஸ்பால்காரன் பெண்டாட்டிதான், அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் கோச் வேலைக்கு வந்தபோது, தோள்பட்டை போய்விட்டது என்று சொல்லி வைத்தான். எல்லோரும் நம்பினார்கள். தோள்பட்டை போன வீச்சாளன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான், யாருக்குச் சந்தேகம் வரும்? பயிற்சியில் மட்டையால் பந்தை அடித்துக் கொடுப்பான், உருட்டி விடுவான், வீச மாட்டான். வீச்சாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கட்டைவிரலை இறக்குடா" என்பான். சரியாகத்தான் இருக்கும். இவனிடம் படித்த பையன்கள் பலர் மைனர் லீகுக்குப் போயிருக்கிறார்கள். இவன் கைமட்டும் சட்டைப் பைக்குள்ளேயே வயதாகிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் மகளுக்குக்கூட அவன் பந்தை உருட்டித்தான் விட்டான்.

நான் லாண்டரி நடத்துகிறேன். அணியின் உடுப்பெல்லாம் என்னிடம்தான் வரும். முழங்காலில் செம்மண் இருந்தால் யார், இடுப்பில் புல்கறை இருந்தால் யார் என்று முகம் பார்க்காமலே சொல்வேன். குவினுடைய சட்டையில் மரப்புகை வாசனை அடிக்கும். அவன் அப்பா மீனுக்குப் புகை போட்டு விற்கிறார். குவின் கடைசி வருஷத்துப் பையன், அணியின் முதல் வீச்சாளன், வாயைத் திறந்தால் மூட மாட்டான். அவன் என் கடைக்குள் வந்து துணி கொடுத்ததே இல்லை. கதவைத் திறந்து, அழுக்குச் சட்டையைச் சுருட்டி, வாசலில் நின்றபடியே கடைசிக் கூடைக்குள் எறிவான். நடுவில் யார் தலை இருந்தாலும் சரி, தாண்டிப் போய்க் கூடையில்தான் விழும். "மிஸஸ் கோச், ஸ்ட்ரைக்!" என்று, நல்ல பந்துக்கு அம்பயர் கத்துவதுபோல் கத்திவிட்டு ஓடிவிடுவான்.

அந்த ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரி என்கிறேனே தவிர அக்கரை தெரியாது, கப்பல் போகும். ஏப்ரலில் தண்ணீரில் ஐஸ் மிதக்கும், கரையில் வெயில் அடிக்கும், இரண்டுக்கும் நடுவில் மூடுபனி கிளம்பிவிடும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, மேட்டுப்பக்கத்துக் கல்லூரியோடு ஆட்டம். அவர்கள் மைதானத்தில் இன்னும் பனி குவிந்து கிடந்ததால் எங்கள் மைதானத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ஆட்டக் கணக்கில் உள்ளூர் அணி அவர்கள்தான், கடைசியாக மட்டை பிடிப்பதும் அவர்கள்.

கடைசிச் சுற்று வந்துவிட்டது. எங்களுக்கு ஓர் ஓட்டம் கூடுதல். அவர்கள் ஆட்கள் ஓடி வரக் காத்துக்கொண்டு மூன்று பேஸிலும் நிற்கிறார்கள், இரண்டு பேர் அவுட். மட்டையோடு நிற்கிறவன் போலார்ட், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குவின், பந்து வீசுகிற மண்மேட்டில் நிற்கிறான். அவன் வீசியதில் மூன்று பந்து வெளியே போயாயிற்று, இரண்டு நன்றாக விழுந்தாயிற்று. இனி ஒரே ஒரு பந்து. அது நன்றாக விழுந்தால் மூன்றாவது ஆளும் அவுட், நாங்கள் ஜெயித்துப் பெரிய போட்டிக்குப் போகிறோம். வெளியே போனால் அவர்களுக்கு ஓர் ஓட்டம் இனாம், சமம். போலார்ட் அடித்துவிட்டால் போச்சு.

அந்த நேரம் பார்த்து மூடுபனி வந்தது. முதலில் தூரத்து வேலி போயிற்று. பிறகு வேலி ஓரத்தில் நின்ற பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பேஸில் நின்றவர்கள் இடுப்புவரைக்கும் போய், தலை மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, அதுவும் போயிற்று. குவின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்குள் நின்றான். அம்பயர் முகமூடியைக் கழற்றினார்.

"எனக்கு என் ஷூவே தெரியல. நான் எந்தப் பந்தைப் பார்க்கிறது? நிறுத்துறேன்."

நின்ற இடத்திலிருந்தே அடுத்த சனிக்கிழமை தொடர வேண்டும் என்பது விதி. அதே பேட்டர், அதே மூன்று பேர் பேஸில், அதே ஒரு பந்து. வேண்டுமானால் வீச்சாளனை மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

ஆர்னி என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவன் ஒருவன் இருக்கிறான். ஸ்கோர் பலகையின் விளக்கை அவன் அணைக்கவில்லை. ஏனய்யா கரண்டை வீணாக்குகிறாய் என்று கேட்டதற்கு, "ஆட்டம் முடியலையே மார்லிஸ், எப்படி அணைக்கிறது?" என்றான். மூடுபனியும் கலையவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தால் வெள்ளைக்குள் சிவப்பு விளக்குகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஏரியில் கப்பலுக்கான சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள்கூடக் கையை மாவில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் சனிக்கிழமை மத்தியானம்தான். நாள்காட்டி மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? திங்கட்கிழமை குவின், துவைக்க வருகிறவர்களுக்காக என் கடையில் வைத்திருக்கும் காப்பியைக் குடிக்க வந்து மாட்டிக்கொண்டான். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஆர்டிஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உள்பக்கமா போடு. போலார்டுக்கு உள்பக்கம் ஆகாதாம், என் அக்கா பையன் சொன்னான்."

"உள்பக்கம் போட்டா மேல பட்டுடும் ஆர்டிஸ், சும்மா இரு. நீ மெதுவா போடுப்பா, ஏமாந்துடுவான்" என்றார் தபால்காரர்.

"மெதுவாவா? அவன் அதை ஏரியில தூக்கிப் போட்டுடுவான்!" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

"யாரும் எதுவும் சொல்லாதீங்க. பையன் ஒரே ஒரு பந்து போடணும். அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. என்ன பெரிய விஷயம்?" என்று ஆர்டிஸ் முடித்தாள்.

குவின் சிரித்தான். வாய் மட்டும் சிரித்தது. காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மறுநாள் கதவு திறந்தது. குவின் சுருட்டிய சட்டையோடு வாசலில் நின்றான். நான் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டேன். எதுவும் தலைக்கு மேல் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவன் உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தான். இயந்திரங்களைத் தாண்டி, மடித்து வைத்த படுக்கை விரிப்புகளைத் தாண்டி வந்து, குனிந்து, சட்டையைக் கூடைக்குள் வைத்தான். வைத்தான்! முட்டையை வைப்பதுபோல் வைத்தான். "தேங்க்ஸ் மிஸஸ் கோச்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

அந்த வைப்பை எனக்குத் தெரியும். என் வீட்டில் சாவியும் ஆப்பிளும் தீப்பெட்டியும் அப்படித்தான் வைக்கப்படுகின்றன. கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

டுவைட் மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். சொன்னேன். கரண்டி நின்றுவிட்டது.

"கையால வெச்சானா?"

"வெச்சான்."

"வாசல்லேர்ந்து போடலையா?"

"அதைத்தானே சொல்றேன், காது கேக்கலையா உனக்கு? நடந்து வந்து வெச்சான்."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளைதான்.

"எனக்கும் ஒரு பந்துதான் பாக்கி இருந்துச்சு மார்லிஸ்" என்றான்.

இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதில்லை. வியாதி வந்ததைச் சொல்லியிருக்கிறான், எப்படி வந்தது என்று சொன்னதில்லை. தெற்கே ஏதோ ஊரில் ஆட்டத்தின் கடைசியில் விளக்குகள் அணைந்து போயினவாம். மறுநாள் மத்தியானம் தொடரலாம் என்றார்களாம். வீச வேண்டியது ஒரு பந்து. அன்று விடுதிக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்தப் பந்தை வீசிக்கொண்டே இருந்தானாம். மனதுக்குள் ஆயிரம் விதமாக வீசிப் பார்த்தானாம். மறுநாள் மேட்டில் நின்றபோது கைக்கு எந்த விதம் என்று தெரியவில்லை.

"எல்லாரும் என்னைத் தனியா விட்டுட்டாங்க. மரியாதையாம். வீசப்போறவன்கிட்ட பேசக் கூடாதாம். ஒருத்தன் வந்து ஒரு கெட்ட ஜோக் சொல்லியிருந்தாக்கூடப் போதும்."

"அப்போ குவினை மாத்திடேன். வேற யாராவது போடட்டும்."

"மாத்தினா ஆயுசுக்கும் அந்த ஒரு பந்தை வீசிக்கிட்டே கிடப்பான். என்னை மாதிரி." பிறகு சொன்னான்: "ஆட்டம் போனா போகட்டும். பையன் கை போகக் கூடாது."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை காலம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்தானே, சரியான அழுத்தக்காரன்!

அடுத்த நாள் உலர்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பயிற்சியில் குவின் வீசிய பந்து கேட்சர் ரோமனின் தலைக்கு மேல் கம்பி வலையில் போய் மாட்டியது. அடுத்தது தரையில் குத்தியது. குவின் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் இருந்தவன் காலணிக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் எழுந்து போனான். அந்தப் பக்கம் இருந்தவன் தள்ளி உட்கார்ந்தான். குவினுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கூடையை அவன்கள் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டுவைட் அதைப் பார்த்தான். மட்டையைக் கீழே வைத்தான். வாளியிலிருந்து பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஐயோ மனுஷா, இந்த வாரமா, இந்தப் பையன்கள் முன்னாலா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இவன்கள் மூடநம்பிக்கைக்குப் பிறந்தவர்கள். கோச்சுக்கே அந்த வியாதி என்று தெரிந்தால், கோச்தான் குவினுக்கு ஒட்ட வைத்தார் என்பான்கள். இவன் வேலையும் போகும், பெயரும் போகும்.

"பசங்களா, எல்லாரும் இங்க வாங்க. ரோமன், நீ உக்காரு. நான் வீசறேன்."

"கோச், உங்க தோள்பட்டை..."

"என் தோள்பட்டைக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே ஆனதில்ல. அது பொய். இப்போ பாரு."

கை அழகாகத்தான் சுற்றியது. ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பந்து அவன் காலடியில் குத்தி உருண்டது. இன்னொன்று எடுத்தான். அது வலையைத் தாண்டிப் போய் மூடுபனிக்குள் சாமான் கொட்டகையின் தகரக் கூரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்தது பக்கவாட்டில் பெஞ்சைப் பார்த்துப் பாய்ந்தது, பையன்கள் சிதறினார்கள். நான்காவது எங்கே போயிற்று என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஒருவனும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

டுவைட்டுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. அந்தப் பெயரைச் சொன்னான். வாய்விட்டு, தெளிவாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். ரோமன் முகமூடிக்கு மேலேயே சிலுவை போட்டுக்கொண்டான்.

"இதான் எனக்கு. ஒரே ஒரு பந்தை நினைச்சு நினைச்சு வந்தது. என் கூட விளையாடினவங்க என் பக்கத்துல உக்கார மாட்டாங்க. இப்போ நீங்க குவின் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறீங்க. இதுக்காடா நான் உங்களை வளர்த்தேன்?"

ஏரியில் சங்கு ஊதியது.

"கோச்" என்றான் குவின். "எனக்கும் வந்திருக்கு."

"தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

"மார்லிஸ் சொன்னா."

குவின் என்னைப் பார்த்தான். "சட்டையை வெச்சேனே, அப்பவேவா?"

"பின்னே? நடந்து வந்து பவ்யமா வெச்சுட்டுப் போறதுக்கு நான் என்ன தேவாலயமா நடத்துறேன்?" என்றேன்.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். குவினும் சிரித்துவிட்டான், அழுதுகொண்டே. டுவைட் பழைய பந்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தான். குவின் பின்னால் போனான். கொஞ்சம் தயங்கிவிட்டு மற்றவர்களும் போனார்கள். நானும் போகாமல் இருப்பேனா?

கரையில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத வெள்ளை.

"எங்க எறியணும் கோச்?"

"அங்க."

"அங்க ஒண்ணும் இல்லையே."

"அதான் வேணும். எறி."

குவின் எறிந்தான். பந்து கையை விட்டதும் காணாமல் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கோ தண்ணீரில் மெத்தென்று ஒரு சத்தம். டுவைட் எறிந்தான். அதுவும் போயிற்று, அதுவும் விழுந்தது. நல்ல வீச்சா கெட்ட வீச்சா என்று சொல்ல யாராலும் முடியாது. சில பந்துகள் மிதக்கும் ஐஸில் விழுந்து டக்கென்றன. சில விழுகிற சத்தமே வரவில்லை, இன்னும் போய்க்கொண்டிருக்கின்றனவோ என்னவோ. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பேசாமல், வெள்ளைக்குள் எறிந்துகொண்டே இருந்தார்கள். டுவைட்டின் கை சட்டைப் பையை மறந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குப் போய் அவன் வீசுவதை நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். இவ்வளவு அழகான ஒன்றை என் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தான் பாவி மனுஷன்.

ரோமன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "கோச், நிஜமா ஒட்டிக்காதே?"

"ஒட்டினா ஒட்டட்டும். எல்லாருமா சேர்ந்து வெச்சுக்கலாம்."

ரோமனும் வாளியில் கை விட்டான். பிறகு எல்லோரும் விட்டார்கள். வாளி காலியான பிறகு கூழாங்கல் பொறுக்கி எறிந்தார்கள். வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதைத்தான் செய்தார்கள். பேஸ்பால் ஒன்றும் பயிற்சி செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேட்டுப்பக்கத்துப் பஸ் வந்தது, ஓட்டுநர் என்ஜினைக்கூட அணைக்கவில்லை. ஊரே வேலியைச் சுற்றி நின்றது. ஒரே ஒரு பந்துக்காக ஆர்டிஸ் மடக்கு நாற்காலி, போர்வை, குடுவையில் காப்பி எல்லாம் கொண்டு வந்திருந்தாள். மூன்று பேர் மூன்று பேஸில் போய் நின்றார்கள். போலார்ட் மட்டையோடு வந்தான். ஆர்னியின் விளக்குகள் வெயிலில் வெளிறி எரிந்தன.

டுவைட் மேட்டுக்கு நடந்தான், வழக்கம்போல் பந்தைக் குவின் கையில் வைக்க. குவின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் கோச். போங்க. அங்கேர்ந்து போடுங்க."

"டேய், எல்லாரும் பாக்கிறாங்கடா."

"அதான் போடுங்கங்கிறேன்."

டுவைட் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் பெஞ்சுவரைக்கும் திரும்பி நடந்தான். ஊர் முழுக்க, இரண்டு அணிகளும், அம்பயரும் பார்த்துக்கொண்டிருக்க, கையைச் சுற்றிப் போட்டான். பந்து குவினைத் தாண்டி, இரண்டாவது பேஸையும் தாண்டி, தூரத்துப் பையனின் காலடியில் போய் நின்றது. வேலி ஓரம் முழுக்க 'ஓ'வென்று ஒரு சத்தம். ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை. எங்கள் பையன்கள் மட்டும் மைதானம் முழுக்க நின்ற இடத்தில் கையைத் தட்டினார்கள். குவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டுவைட் தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் வைத்தான். காது நுனிவரைக்கும் சிவந்திருந்தது.

பந்து கை மாறி கை மாறிக் குவினிடம் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே வீசிவிட்டான்.

நேராகப் போயிற்று. நேராக! போலார்ட் சுழற்றினான், மட்டையின் ஓரத்தில் பட்டு, வேலியைத் தாண்டி, ஆர்டிஸின் காப்பிக் குடுவையைச் சாய்த்தது. ஃபவுல். கோட்டுக்கு வெளியே போனது கணக்கில் சேராது, மறுபடியும் வீச வேண்டும். ஒரு வாரமாக ஒரே ஒரு பந்து, ஒரே ஒரு பந்து என்று உயிரை விட்டோமே, அது ஒரு பந்தாகவே இல்லை.

குவின் தோளைக் குலுக்கினான். இன்னொன்று வீசினான். அதுவும் நேராகத்தான் போயிற்று. இந்தத் தடவை போலார்ட் சரியாக அடித்தான். பந்து தரையோடு பாய்ந்து இரண்டு பையன்களுக்கு நடுவில் புல்லுக்குள் ஓடியது. பேஸில் நின்றவர்களில் ஒருவன் ஓடி வந்தான், சமம்; இன்னொருவனும் வந்தான். முடிந்தது. தோற்றோம். ஆர்னி விளக்கை அணைத்தான்.

ஊர் உச்சுக் கொட்டிக்கொண்டு கலைந்தது. "சிரிச்சுக்கிட்டே தோத்தானுங்க பாரு" என்று தபால்காரர் எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டுப் போனார். சொல்லட்டும். நான் டுவைட்டைப் பார்த்தேன். கம்பியில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். குவின் அவனிடம் வந்தான்.

"கோச், பந்து எப்படி?"

"ரெண்டும் நல்ல பந்துடா. அவன் அதைவிட நல்லா அடிச்சுட்டான்."

"ஆமா, தடியன்" என்றான் குவின். தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது. ஆனால் அது சாதாரண வருத்தம், இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வர வேண்டிய வருத்தம். சட்டையைக் கழற்றிச் சுருட்டினான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் வெகுதூரத்தில் கூடையோடு நின்றேன். "மிஸஸ் கோச்!" என்றான். தலையைக் குனிந்துகொண்டேன். மரப்புகை வாசனை என் தலைக்கு மேல் போயிற்று. கூடையில் பொத்தென்று விழுந்தது.

எல்லோரும் போன பிறகு ஏரிக்கரையில் நிறுத்தியிருந்த காருக்கு நடந்தோம். நான் முன்னால் போய்க் கதவருகில் நின்றேன். இடுப்பில் கூடை, கூடையின் மேல் ஆர்டிஸ் கொடுத்த ஏலக்காய் ரொட்டி. சாவி அவனிடம் இருந்தது. வந்து கையில் வைப்பான் என்று வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினேன்.

"மார்லிஸ்!" என்று கூப்பிட்டான்.

திரும்பினேன். அவன் தூரத்திலேயே நின்றுவிட்டான். சாவி காற்றில் வந்துகொண்டிருந்தது. வெயிலில் மினுங்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றி, ரொம்ப நிதானமாக வந்தது. காரைத் தாண்டியது. என்னையும் தாண்டியது. எனக்குப் பின்னால் ஏரித் தண்ணீரில், இரண்டு ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் விழுந்தது.

"பிடிச்சியா?" என்றான்.

"எங்கே பிடிக்கிறது? கொக்குக்குத்தான் எட்டும்!"

அப்படியே நின்றான், திருட்டுமுழி முழித்துக்கொண்டு. எனக்கு அடக்க முடியவில்லை. நடுரோட்டில் நின்று விம்மி விம்மி அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். என் அப்பா ரொட்டியைத் தூக்கிப் போடுவதுபோல் என் மேலே எதையாவது தூக்கிப் போட மாட்டானா என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிட்டப் போய் ரொட்டியை அவன் கையில் திணித்துவிட்டு, திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றேன்.

"ம். போடு" என்றேன்.

போட்டான். நேராக வந்து என் மூக்கில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நன்றாகவே வலித்தது. குனிந்து ரொட்டியை எடுத்து மண்ணைத் தட்டி, அவனிடமே திரும்ப எறிந்தேன்.

"இன்னொரு தடவ போடு."